ஆச்சு என்று ஒரு பதில்

ஜனவரி 6

அன்பு மருமகளுக்கு,

உன் மாமன் எழுதுகிறேன். இங்கே நான் குன்று மாதிரி இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய், நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, வார்டில் நின்று நின்று வந்த கால் வீக்கம் வடிந்ததா என்று எழுது.

போன் இருக்கும்போது இந்த மனுஷன் ஏன் தாளை வீணாக்குகிறார் என்று நினைப்பாய். போனில் பிடித்தால் "சொல்லுங்க மாமா, வார்டுல இருக்கேன் மாமா, அப்புறம் பேசறேன் மாமா" என்று மூன்று மாமா போட்டு வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி நடுவில் வைக்க முடியாது. நான் எட்டாவதோடு நின்றவன்தான். ஆனால் எங்கள் சலவை ஆலையில் லீவு மனு எழுதப் பட்டம் வாங்கினவனும் என்னிடம்தான் வருகிறான்.

பழைய போன் போய்விட்டது. குனிந்தபோது சட்டைப் பையிலிருந்து நழுவி, ஓட்டல் விரிப்புகளோடு பெரிய மிஷினுக்குள் போய், இரண்டு தடவை அலசி, பிழிந்து, காய்ந்து வந்தது. அவ்வளவு சுத்தமான போன் இந்த ஊரில் எவனிடமும் கிடையாது. பேசத்தான் மாட்டேன் என்கிறது. புது எண்ணைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். "ராசியான நம்பர் சார், யாருக்கும் குடுக்காம வெச்சிருந்தேன்" என்றான் கடைக்காரன். என் முகராசி அப்படி.

ஆலையில் எனக்குப் பதவி உயர்வு. சூட்டு உருளையிலிருந்து மடிக்கிற மேஜைக்கு மாற்றிவிட்டார்கள். உருளையில் ஈர விரிப்பைக் கொடுத்தால் அதுவே இஸ்திரி ஆகி அந்தப் பக்கம் வரும், மரம் மாதிரி நின்றால் போதும். மடிக்கத்தான் மூளை வேண்டும். சூப்பர்வைசர் தன் கையாலேயே நாற்காலி போட்டு, "அண்ணே, நீங்க உக்காந்தே பாருங்க" என்றார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் யாருக்கும் நாற்காலி போட்டு நான் பார்த்ததில்லை.

ஒரு வேடிக்கை. புது எண்ணுக்கு முதல் நாளே தெரியாத எண்ணிலிருந்து ஒரு செய்தி. "அப்பா, இன்னும் கோபமா? மாத்திரையாவது போட்டாச்சா?" எனக்கு ஏது பிள்ளைகுட்டி. யாரோ ஒரு பொண்ணு, அவள் அப்பாவுக்கு அனுப்பியது. ஆனாலும் ஒருத்தர் கேட்டால் பதில் சொல்லாமல் இருக்கிற வழக்கம் நம் குடும்பத்தில் கிடையாது. "ஆச்சு" என்று தட்டிவிட்டேன். ஐந்து நிமிஷத்தில் ஏழு செய்தி வந்தது. அதையெல்லாம் எழுதினால் உறை கனத்துவிடும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் மாமன்,
மடிப்புப் பிரிவுத் தலைவர்


ஜனவரி 30

மாமாவுக்கு,

நான் இருக்கேன். கால் வீக்கம் அப்படியேதான். பதில் தாமதத்துக்கு மன்னிச்சுக்கோங்க. இரண்டு பேர் வேலையை விட்டுப் போய்ட்டாங்க, அவங்க கட்டில்களும் இப்ப என் கணக்கில். உங்க கடிதத்தை மூணு நாள் பையில் வெச்சிருந்து பஸ்ஸில்தான் படிச்சேன். சிரிச்சேன். பக்கத்து சீட்டு அம்மா எழுந்து வேற இடத்துக்குப் போய்ட்டாங்க.

அந்தப் பொண்ணுகிட்ட "தப்பான எண்" என்று ஒரு வரி போட்டுடுங்க. விளையாடாதீங்க.

நாற்காலி போட்டாங்கன்னு எழுதியிருக்கீங்க. ஏன் போட்டாங்க?

வேற ஒண்ணும் எழுதத் தெம்பில்லை. சாப்பிடுங்க.

உங்க மருமகள்


பிப்ரவரி 5

என் அன்பு மருமகளுக்கு,

மாமன் சுகம். உன் கடிதம் பத்து வரிதான் என்றாலும் பத்துத் தடவை படித்ததால் நூறு வரி ஆகிவிட்டது.

தப்பான எண் என்று சொல்லச் சொல்கிறாய். சொல்வது எனக்குப் பெரிய காரியமா? ஒரு தடவை மந்திரி ஒருத்தர் ஆலைக்கு வந்தபோது அவர் முகத்துக்கு நேராகவே "அய்யா, செருப்போட உள்ள வராதீங்க" என்று சொன்னவன் நான். ஆனால் சங்கதியைக் கேள்.

என் "ஆச்சு"வுக்கு அவள் போட்ட ஏழு செய்தியில் முதலாவது, "அப்பா நீங்களா?" இரண்டாவது, "அஞ்சு மாசம் கழிச்சு." மிச்சம் ஐந்திலும் எழுத்தே இல்லை, அழுகிற மூஞ்சிப் பொம்மைகள். வரவர வந்த செய்திகளைக் கோத்துப் பார்த்ததில் எனக்குக் கதை பிடிபட்டுவிட்டது. வேலைக்காக ரொம்ப தூரம் போயிருக்கிறாள். போகாதே என்று அப்பா தடுத்து, பேச்சு முற்றி, "போனா போ" என்று சொல்லிவிட்டார். அவருக்குக் காது கேட்காது, அதனால் போனில் பேச்சு கிடையாது, எழுத்துதான். அவள் அஞ்சு மாசமாகத் தினம் எழுதிப் பார்த்தும் ஒரு பதிலும் வரவில்லை. எதிர்வீட்டு அம்மாவிடம் அவருக்குத் தெரியாமல் விசாரித்தால், நன்றாகத்தான் நடமாடுகிறார் என்கிறாளாம். அப்படியானால் கோபம்தான் என்று முடிவு கட்டிவிட்டாள். இப்படி இருக்கும்போது என் "ஆச்சு" போய் விழுந்திருக்கிறது. இனிமேல் போய் "அது நான் இல்லை" என்று எப்படிச் சொல்வது?

காலை எட்டே காலுக்கு, ஆலையில் முதல் வண்டி இறக்குகிற நேரத்தில், செய்தி வரும். போனில் "மாத்திரைப் பொண்ணு" என்று பேர் போட்டு வைத்திருக்கிறேன். "மாத்திரை?" என்பாள். "ஆச்சு" என்பேன். "காது மிஷின்?" என்பாள். "சரி" என்பேன். அந்த மனுஷன் எப்போதுமே ஒற்றை வார்த்தை ஆசாமி போலிருக்கிறது, அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. ஆனால் இப்படி அடக்கிப் பேசுவது எனக்கு எவ்வளவு கஷ்டம் தெரியுமா? உருளைக்குள் விரலைக் கொடுத்தவன்கூட இவ்வளவு பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்க மாட்டான்.

ஒன்று மட்டும் தெரிந்துகொள். அவளிடம் நான் பொய் சொல்லவில்லை. செய்தி வந்ததும் முதலில் என் மாத்திரையைப் போட்டுக்கொள்வேன், அப்புறம்தான் "ஆச்சு" போடுவேன். கேட்டதற்கு உண்மையான பதில்.

தலைக்கு எண்ணெய் வை. தூக்கம் முக்கியம்.

உன் மாமன்


பிப்ரவரி 12

மாமா,

உங்க நலம் விசாரிச்சுத்தான் இந்தக் கடிதமே. என்ன மாத்திரை? எதுக்கு? எப்பலேர்ந்து? யார் குடுத்தது? உருளைகிட்ட மயங்கி விழுந்தீங்களா? அதுக்குத்தான் நாற்காலியா? ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா பதில் வேணும்.

அதைவிட முக்கியம் இது. அவங்க அப்பா ஒருத்தர் எங்கேயோ உயிரோட இருக்கார். அவருக்கு மாத்திரையை ஞாபகப்படுத்த யாரும் இல்லை. அவர் போட்டுட்டார்னு அந்தப் பொண்ணு நினைச்சு நிம்மதியா வேலைக்குப் போறா. எங்க வார்டுக்கு வர்றவங்கள்ல பாதிப் பேர் இப்படித்தான் வர்றாங்க. "நல்லாதான் இருந்தார், மாத்திரையும் ஒழுங்கா போட்டுக்கிட்டிருந்தார்" என்பாங்க வீட்டில். போட்டதை யார் பார்த்தது என்று கேட்டால் ஆளுக்காள் முகத்தைப் பார்த்துக்குவாங்க.

நீங்க பதில் போடாம விட்டிருந்தா அவ பதறியாவது யாரையாவது அனுப்பிப் பார்த்திருப்பா. உங்க பதில்தான் அவளைத் தடுக்குது. சொல்லிடுங்க, மாமா. இந்தக் கடிதம் கிடைச்ச அன்னிக்கே.

மருமகள்


மார்ச் 3

என் கண்ணான மருமகளுக்கு,

மாமன் நலம். உன் கடிதத்தில் இருந்த கேள்விகளைப் போலீஸ்காரன்கூட ஒரே மூச்சில் கேட்க மாட்டான். ரத்தக்கொதிப்பாம். டாக்டர் அளந்து பார்த்துவிட்டு அசந்துவிட்டார், "இவ்வளவு இருந்தும் நீங்க நடந்தே வந்தீங்களா?" என்று. மயக்கம் என்றெல்லாம் இல்லை. உருளை ஓரம் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன், அவ்வளவுதான். உட்கார்ந்ததைப் பார்த்தவர்கள் விழுந்தேன் என்கிறார்கள். மாத்திரையை வாங்கி வைத்து நாலு மாசம் ஆகிறது. போட ஆரம்பித்தது ஜனவரியில்.

அந்தப் பொண்ணிடம் சொல்லியாயிற்று. நிம்மதியாக இரு. நானே கூப்பிட்டேன். என்ன குரல் அவளுக்கு, ரேடியோவில் செய்தி வாசிக்கலாம். விஷயத்தைப் பதமாக எடுத்து வைத்தேன். முதலில் அழுதாள். அப்புறம் சிரித்தாள். "நீங்க எனக்குப் பெரியப்பா மாதிரி" என்றாள். கல்யாணம் வைத்தால் முதல் பத்திரிகை எனக்குத்தானாம். பக்கத்தில் நின்று கேட்ட எங்கள் சூப்பர்வைசர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆலையே ஒரு நிமிஷம் ஓடாமல் நின்றது என்று வைத்துக்கொள்ளேன்.

இனி அந்தப் பேச்சு வேண்டாம். உன் வேலை எப்படிப் போகிறது? புதிதாக ஆள் போட்டார்களா?

உன் மாமன்


மார்ச் 27

மாமாவுக்கு,

நான் நல்லா இருக்கேன்னு எழுதணும், எழுதிட்டேன். ஆள் போடலை.

உங்க கடிதம் வந்த அன்னிக்கு ரொம்ப நாளைக்கு அப்புறம் அடிச்சுப்போட்ட மாதிரி தூங்கினேன். ஒரு விஷயமாவது ஒழுங்கா முடிஞ்சுதேன்னு. அப்புறம் வேலைக்கு நடுவில் அது திரும்பத் திரும்ப ஞாபகத்துக்கு வந்துக்கிட்டே இருந்தது. அந்தப் பொண்ணோட குரலை எழுதினீங்க, அழுகையை எழுதினீங்க, சூப்பர்வைசர் கண்ணைத் துடைச்சதைக்கூட எழுதினீங்க. அவங்க அப்பாவைப் பத்தி ஒரு வரி இல்லையே, மாமா. அவர் எப்படி இருக்காராம்? ஏன் பதிலே போடலையாம்? அந்தப் பொண்ணு உடனே கேட்டிருக்கக்கூடிய முதல் கேள்வி அதுதானே?

நான் களைச்சுப் போய் ஏதேதோ யோசிக்கிறேன்னு இருந்தா சந்தோஷம். எழுதுங்க.

மருமகள்


ஏப்ரல் 16

மாமா,

நலமா? இருபது நாளாச்சு, பதில் இல்லை. உங்ககிட்டேர்ந்து கடிதம் வராம இவ்வளவு நாள் இருந்ததே இல்லை.

நீங்க அவகிட்ட சொல்லலை, இல்லையா?

மருமகள்


ஏப்ரல் 28

மருமகளுக்கு,

உடம்பு இருக்கிறது. நீ சுகம்தானே?

சொல்லவில்லை. மார்ச்சில் எழுதினது ஒன்றுகூட நடக்கவில்லை. அவளைக் கூப்பிடவும் இல்லை, அவள் அழவும் இல்லை. உன் பிப்ரவரிக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே தினமும் எட்டே காலுக்கு "ஆச்சு" போட்டேன். நாளைக்கு, நாளைக்கு என்றே போய்விட்டது. தனி அறையில் இருப்பவனை இன்றைக்கு என்ன ஆச்சு என்று யாராவது கேட்பது எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதைச் சாக்காகச் சொல்லவில்லை.

உன் சின்னக் கடிதம் வந்து இரண்டு நாள் அதை மேஜைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வெள்ளிக்கிழமை செய்தி வந்ததும் பதில் போடாமல் கூப்பிட்டுவிட்டேன். எடுத்தவுடனே, "அப்பா? கேக்குதாப்பா? மிஷின் போட்டிருக்கீங்களா?" என்று கத்தினாள். அந்தக் கத்தல் இன்னும் காதில் இருக்கிறது.

"நான் உங்க அப்பா இல்லம்மா" என்றேன்.

"யாரு நீங்க?"

"சலவை ஆலையில துணி மடிக்கிறவன். இந்த நம்பர் ஜனவரிலேர்ந்து என்கிட்ட இருக்கு."

"அப்போ எங்க அப்பா?"

"தெரியாதும்மா."

வைத்துவிட்டாள். பெரியப்பாவும் இல்லை, பத்திரிகையும் இல்லை.

மத்தியானம் அவளே கூப்பிட்டாள். எதிர்வீட்டு அம்மாவைப் போட்டு உலுக்கியிருக்கிறாள். அவருடைய எண், காசு போடாமல் விட்டதால் போன வருஷமே செத்து, அதையே கடைக்காரன் ராசியான நம்பர் என்று எனக்கு விற்றிருக்கிறான். அது அவருக்குத் தெரியாது. போனைத் தினமும் சார்ஜ் போட்டு, துடைத்து, பலகையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். இரண்டு தடவை அவர் அனுப்பின செய்தி போகவே இல்லை. மகள் கோபத்தில் தலைமுழுகிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார். மாத்திரையை ஒரு நாள் போடுவார், நாலு நாள் போட மாட்டார். மார்ச் பத்தொன்பதாம் தேதி வாய் கோணி, வலது கை விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் பதினோரு நாள். "அவளுக்குச் சொன்னா பாரு" என்று எதிர்வீட்டு அம்மாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாராம்.

மார்ச் மூன்றாம் தேதி உனக்குப் பொய் எழுதினேன். நடுவில் பதினாறு நாள் இருந்தது. நான் கணக்கில் புலி என்று உன்னிடம் பீற்றிக்கொள்வேனே, அந்தக் கணக்கைப் போட்டுப் போட்டுப் பார்க்கிறேன்.

அவளுக்கு அடுத்த மாசக் கடைசிக்கு முன்னால் லீவு கிடைக்காதாம். அன்று சாயங்காலம் அப்பாவின் விலாசத்தை அனுப்பி, கீழே ஒரு வரி போட்டிருந்தாள். "நான் அனுப்பின எல்லாத்தையும் உங்க கையால எழுதி, கொண்டுபோய் அவர்கிட்ட குடுங்க."

என்னைத் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

மாமன்


மே 6

மாமாவுக்கு,

சுகமா இருக்கேன். நீங்க மாத்திரையை நிறுத்தியிருக்க மாட்டீங்கன்னு நம்பறேன்.

திட்டறதுக்கும் தெம்பு வேணும், மாமா. "மாத்திரை போட்டிருந்தாலும் பக்கவாதம் வந்திருக்கலாம், உங்களால ஒண்ணுமில்லை" என்று தினம் யாருக்காவது சொல்லிக்கிட்டேதான் இருக்கேன். அதைச் சொல்லச் சொல்லி எங்களுக்குப் பழக்கியிருக்காங்க. உங்களுக்கு அதை எழுத எனக்குக் கை வரலை. உங்களுக்கு எழுதறது வார்டு வேலை இல்லையே.

போங்க. எதையும் வாங்கிட்டுப் போகாதீங்க. அவர் கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. அவருக்குக் காது கேக்காததால் நீங்க எழுதித்தான் காட்டணும். கதையைச் சுருக்கமா வெச்சுக்க அது உங்களுக்கு உதவும்.

போய்ட்டு வந்து எழுதுங்க. வந்த அன்னிக்கே.

மருமகள்


மே 19

மருமகளுக்கு,

போய்ச் சேர்ந்து திரும்பியும் வந்துவிட்டேன். கால் இரண்டும் கனக்கிறது, வேறு குறையில்லை. நீ எப்படி இருக்கிறாய்?

நூற்றுப் பதினேழு செய்தி. நாற்பது பக்க நோட்டு இரண்டு தீர்ந்தது. பெரிய எழுத்தாக, தேதி போட்டு எழுதினேன். அவள் எழுதினதை மட்டும்தான், என் பதில்களைச் சேர்க்கவில்லை.

இரண்டு பஸ் மாறி, ஒரு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வீடு. எதிர்வீட்டு அம்மா கதவைத் திறந்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீதானா அது?" என்றாள். நான்தான் என்றேன். உள்ளே நடப்பதைப் பார்க்க வாசலிலேயே நின்றுகொண்டாள்.

பெரியவர் கட்டிலில் தலையணைக்குச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைவிட ஒல்லி. வீடுகளுக்கு மின்சார ஒயர் இழுக்கிற வேலையில் இருந்தவராம், சுவரில் ஒவ்வொரு சுவிட்சுக்கும் கீழே அது எதற்கு என்று துண்டுச் சீட்டு ஒட்டியிருந்தது. அவர் மகள் எல்லாவற்றையும் எதிர்வீட்டு அம்மா மூலமாக ஏற்கெனவே சொல்லியிருந்தாள். நான் தாளில் "மன்னிக்கணும்" என்று எழுதிக் காட்டினேன். பார்த்தார். இடது கையை நீட்டினார், நோட்டைக் கொடுத்தேன்.

மடியில் வைத்துப் படித்தார். பக்கம் திருப்ப முடியவில்லை, நான் திருப்பினேன். வாய் ஒரு பக்கம்தான் வேலை செய்கிறது, ஆனால் பேச்சு புரிகிறது. முதல் செய்தியிலேயே விரலை வைத்து, "இதுக்கு நான் என்ன பதில் சொன்னேன்?" என்றார்.

தாளில் எழுதினேன், "ஆச்சு."

"இதுக்கு?"

"சரி."

"இதுக்கு?"

"ஆச்சு."

அந்தப் பாதி வாயால் சிரித்தார். "நான்தான்" என்றார். வாசலில் அந்த அம்மாவும் சிரித்துவிட்டாள்.

அப்படியே பிப்ரவரி வரைக்கும் வந்தோம். இருபதாம் தேதிச் செய்தியை உனக்கு நான் எழுதவே இல்லை. ஏப்ரலில் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன் என்று எழுதினபோதும் அதை விட்டுவிட்டேன். நோட்டில் எழுதாமல் தாண்டிவிடலாமா என்றுகூடப் பார்த்தேன், தேதி இடித்தது. அவள் எழுதியிருந்தது இதுதான். "அப்பா, இங்க எனக்கு முடியல. நீங்க சரின்னு சொன்னா வேலையை விட்டுட்டு வந்துடறேன். வரவா?"

பெரியவர் அதை ரொம்ப நேரம் பார்த்தார். விரலை எடுக்கவில்லை. "இதுக்கு?" என்றார்.

அன்றைக்கு ஆலையில் அந்தச் செய்தியை நாலு தடவை படித்தேன். வந்தால் என் குட்டு உடைந்துவிடும். அதனால் மட்டும்தான். வேறு ஒரு நல்ல காரணமும் கிடையாது, தேடிப் பார்த்துவிட்டேன். தாளில் எழுதினேன், "அங்கேயே இரு."

படித்தார். என்னைப் பார்த்தார். "இது நான் இல்ல" என்றார்.

இல்லை என்று தலையாட்டினேன்.

"போனைக் குடு."

கொடுத்தேன். இடது கட்டைவிரலால் தடவித் தடவி எழுத்தைத் தேடினார். வேறு எதிலோ பட்டு அழிந்தது, மறுபடி தேடினார். என் கை தானாக முன்னால் போயிற்று. நான் தட்டித் தருகிறேன், வா கண்ணு, எல்லாம் சரியாகிவிடும், அப்பா காத்துக்கொண்டிருக்கிறேன் என்று அழகாக நாலு வரி போட்டுத் தருகிறேன் என்று வாய்வரை வந்தது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். கடைசியில் ஓர் எழுத்துத்தான் அடித்தார். "வா." அதை அனுப்பும் இடம் எது என்று மட்டும் கேட்டார். காட்டினேன்.

போனைத் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த எண் அவருடையது. கடையில் பேர் மாற்றுவதற்கு எதிர்வீட்டு அம்மாவோடு இன்னொரு நாள் போவதாக எழுதிக் காட்டிவிட்டுக் கிளம்பினேன். செருப்பை மாட்டும்போது உள்ளே போனில் செய்தி வந்த மணி அடித்தது. அவருக்குக் கேட்டிருக்காது. ஆனால் கையில்தான் வைத்திருந்தார், அதிர்வது தெரிந்திருக்கும்.

பதில் என்ன வந்தது என்று நீ கேட்பாய். எனக்குத் தெரியாது. நான் பார்க்கவில்லை. அது எனக்கு வந்த செய்தி இல்லை.

மாமன்